ஒரே நாளில் ஒரு ஆல்பம்: அவர்களுக்கு ஹாம்பர்க், நமக்கு ஆடி மாசம்

கேள்வி இது: "சேலத்துப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து பேண்ட் நடத்துகிறோம். சொந்தமாக எட்டுப் பாட்டு இருக்கிறது. ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவை ஒரு மாதம் வாடகைக்கு எடுத்து, அங்கேயே தங்கி முதல் ஆல்பத்தை முடித்துவிடலாம் என்று யோசனை. எங்கள் கிட்டார்காரன் செவ்வாப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறான், அவனுக்கு லீவு கிடைப்பதுதான் கஷ்டம். பீட்டில்ஸ் முதல் ஆல்பத்தை ஒரே நாளில் ரெக்கார்ட் செய்தார்கள் என்கிறார்களே, நிஜமா? நிஜமென்றால் எங்களுக்கு எதற்கு ஒரு மாதம்?"

தம்பி, கடைசியில் கேட்டீர்களே, அதுதான் கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மெல்லிசைக் குழுவில் இருபது வருடம் கீபோர்டு வாசித்தவன். இப்போது அஸ்தம்பட்டி பக்கம் மாடியில் ஒரு சின்ன ரெக்கார்டிங் ரூம் வைத்திருக்கிறேன். உங்களைப் போல மாதத்துக்கு இரண்டு குழுவாவது படியேறி வருகிறார்கள்.

இங்கிலாந்தின் லிவர்பூலிலிருந்து வந்த நாலு பேர் பேண்ட்தான் பீட்டில்ஸ், அந்த முதல் ஆல்பத்தின் பேர் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ'. ஒரே நாள் கதை முக்கால்வாசி நிஜம். 1963 பிப்ரவரி 11, திங்கட்கிழமை. லண்டன் அபே ரோட்டில் இஎம்ஐ ஸ்டுடியோவின் இரண்டாம் எண் கூடம். காலை பத்து மணிக்கு ஆரம்பித்து ராத்திரி பதினொன்று அடிக்கக் கொஞ்சம் முன்னால் முடித்தார்கள். சென்னைக் கணக்கில் சொன்னால் அடுத்தடுத்து மூன்று கால்ஷீட். நடுவில் சாப்பாட்டு நேரத்தைக் கழித்தால் வேலை நடந்தது பத்து மணி நேரத்துக்கும் குறைவு. செலவு சுமார் 400 பவுண்டு. அந்த ஒரு நாளில் பத்துப் பாட்டு தேறியது. பதினோராவதாக ஒன்றைப் பதிமூன்று டேக் எடுத்துப் பார்த்து, சரிப்படாமல் தூக்கிப் போட்டார்கள்.

ஆனால் ஆல்பத்தில் இருப்பது பதினான்கு பாட்டு. மீதி நாலு, முன்பே வெளிவந்த இரண்டு சிங்கிள் தட்டுகளில் பக்கத்துக்கு ஒன்றாக இருந்தவை. அவை 1962 செப்டம்பரிலும் நவம்பரிலும் எடுத்தவை, அதுவும் சுலபமாக வரவில்லை. 'லவ் மீ டூ' என்ற முதல் சிங்கிள் பாட்டை மூன்று தடவை மூன்று டிரம்மர்களை வைத்து எடுத்தார்கள். ஜூன் மாதம் பழைய டிரம்மர் பீட் பெஸ்ட். செப்டம்பர் 4-ம் தேதி புதிதாகச் சேர்ந்த ரிங்கோ ஸ்டார். ஒரு வாரம் கழித்து ஆண்டி வைட் என்ற கூலி டிரம்மர். அன்றைக்கு ரிங்கோ பக்கத்தில் நின்று டாம்பரின் தட்டினார். ஆல்பத்தில் நீங்கள் கேட்பது அந்தக் கடைசி டேக்தான். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத ஆளுக்கு எப்படி இருந்திருக்கும்! உங்கள் டிரம்மரிடம் இதை நேரம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒரே நாளில் பத்துப் பாட்டு எப்படி முடிந்தது? அவர்களிடம் இருந்த மெஷினில் இரண்டே டிராக். ஒன்றில் வாத்தியம், ஒன்றில் குரல். இன்றைக்கு உங்கள் லேப்டாப்பில் இருக்கிற இலவச சாஃப்ட்வேர்கூட நூறு டிராக் தரும். ஆகவே அவர்களுக்கு அது முடிந்தது கருவியால் இல்லை. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அதுவரை நகைச்சுவைத் தட்டுகளுக்குப் பேர் போனவர். ராக் இசை அவருக்கே புதுசு. முதலில் அவர் யோசித்தது ஸ்டுடியோவையே இல்லை. லிவர்பூலில் அவர்கள் வழக்கமாக வாசிக்கும் கேவர்ன் கிளப்புக்கே போய், ஜனங்களுக்கு நடுவில் கச்சேரியாக எடுத்துவிடலாம் என்று நினைத்தார். நேரில் போய்ப் பார்த்தால் அது நிலவறை, எதிரொலி தாங்க முடியாது. சரி, கச்சேரியை ஸ்டுடியோவுக்கே கொண்டுவந்துவிடலாம் என்று முடிவு செய்தார். பெரும்பாலும் மேடையில் தினமும் வாசிக்கிற பாட்டையே எடுத்துக்கொண்டார்கள். புதிதாக எதையும் அன்றைக்கு உட்கார்ந்து யோசிக்கவில்லை.

அந்த மேடைப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயமே. 1960 ஆகஸ்டில் ஜெர்மனியில் ஹாம்பர்க் துறைமுகத்துக்குப் போனார்கள். மாலுமிகளும் குடிகாரர்களும் வரும் கிளப். ஒப்பந்தப்படி வார நாளில் நாலரை மணி நேரம், சனி ஞாயிறில் ஆறு மணி நேரம் வாசிக்க வேண்டும். தங்க இடம் ஒரு சினிமாக் கொட்டகைக்குப் பின்னால், கக்கூஸை ஒட்டிய அறை. கிளப் முதலாளி கீழே நின்று, "ஷோ காட்டுங்கடா" என்கிற அர்த்தத்தில் ஜெர்மன் மொழியில் கத்திக்கொண்டே இருப்பாராம். 1962 டிசம்பர் வரை ஐந்து தடவை அந்த ஊருக்குப் போய் வந்தார்கள். நடுவில் லிவர்பூல் கேவர்னில் மட்டும் ஏறக்குறைய 300 கச்சேரி. பிப்ரவரி 11-ம் தேதி ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றவர்கள் இந்தப் பாட்டையெல்லாம் தூக்கத்தில்கூட வாசிப்பார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நம்ம ஊர் ஆடி மாசம்தான் ஞாபகம் வந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. கோட்டை மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால் சேலத்தில் ஒரு தெரு பாக்கியில்லாமல் விழாதான். அம்மாப்பேட்டை, செவ்வாப்பேட்டை, கிச்சிப்பாளையம், குகை என்று ஏரியாவுக்கு ஒரு மாரியம்மன், ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு மேடை. குகையில் வண்டி வேடிக்கை நடக்கிற அன்று கால் வைக்க இடம் இருக்காது. தொண்ணூறுகளில் எங்கள் குழுவுக்கு அந்த மாதத்தில் ஓய்வே கிடையாது. ராத்திரி ஒன்பதுக்கு அம்மன் பாட்டில் ஆரம்பித்தால் இரண்டு மணி வரை போகும். பாடகிக்கு ஜலதோஷம் என்றால் சுருதியை இரண்டு கட்டை இறக்கி அந்த இடத்திலேயே வாசிக்க வேண்டும். கரண்ட் போனால் டோலக்கும் தபேலாவும் மட்டும் வைத்து ஜெனரேட்டர் வரும்வரை ஓட்ட வேண்டும். "ஒன்ஸ்மோர்" என்று கத்தி ஐம்பது ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்துகிற ஆளும் உண்டு, பிடிக்காத பாட்டுக்குச் சேரைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போகிற ஆளும் உண்டு. இந்த இரண்டு பேரும் கற்றுக்கொடுத்ததை எந்த ஸ்டுடியோவும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. (இப்போது பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் கட்டக்கூடாது. நியாயம்தான், ஆஸ்பத்திரியும் பரீட்சைப் பிள்ளைகளும் இருக்கிற ஊர். ஆனாலும் ஆறு மணிக்கே ஏறினால் நாலு மணி நேரம் கிடைக்கும்.)

உங்கள் எட்டுப் பாட்டை இதுவரை எத்தனை தடவை ஜனங்களுக்கு முன்னால் வாசித்திருக்கிறீர்கள்? நீங்கள் எழுதவில்லை. கல்லூரி விழாவில் இரண்டு தடவை என்பது என் ஊகம்.

அந்த பிப்ரவரி நாளில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ராத்திரி பத்து மணிக்கு மேல் நடந்தது. பிரிட்டனில் அந்த வருடம் கொடுமையான குளிர்காலம். பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனனுக்குக் காலையிலிருந்தே சளி. நாள் முழுக்கத் தொண்டை மிட்டாயும் பாலுமாகத்தான் ஓட்டினார். 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' என்ற பாட்டு அடித்தொண்டையில் கத்திப் பாட வேண்டியது. இதைப் பாடினால் குரல் கிழிந்துவிடும் என்று தெரிந்தே மார்ட்டின் கடைசியில் வைத்தார். முதல் டேக்கிலேயே கிடைத்துவிட்டது. இன்னொன்று எடுத்துப் பார்க்கலாம் என்றார்கள், குரல் போயே போய்விட்டது. அந்த முதல் டேக்தான் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. கரகரப்பு, மூச்சிரைப்பு எல்லாம் அப்படியே கேட்கும்.

நாங்கள் செய்தது இதற்கு நேர் எதிர். 1990-களின் கடைசியில் அம்மன் பாட்டு கேசட் ஒன்றுக்காகச் சென்னையில் ஒரு கால்ஷீட் எடுத்தோம். முந்தின ராத்திரி குகையில் கச்சேரி முடித்து, பஸ் பிடித்து, தூங்கியும் தூங்காமல் ஸ்டுடியோவில் இறங்கினோம். எங்கள் பாடகருக்கு ஒரு ஆவேசப் பாட்டு உண்டு, உடுக்கையும் பம்பையும் ஏற ஏற அவரும் ஏறுவார். அதை முதலில் முடித்துவிட்டால் மற்றதெல்லாம் சும்மா என்று நான்தான் சொன்னேன். பிரமாதமாகப் பாடினார். அதற்கப்புறம் ஏழு பாட்டுக்குத் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. பனங்கற்கண்டு, மிளகு, வெந்நீர் என்று என்னென்னவோ கொடுத்தோம். தாலாட்டுப் பாட்டுகூட மிரட்டுவது போலத்தான் பதிவாயிற்று. கேசட் கம்பெனி ஒன்று அதை வெளியிட்டது, விற்றால் பங்கு தருகிறோம் என்றார்கள். விற்கவில்லை என்று கடைசி வரை சொன்னார்கள். அடுத்த ஆடியில் டீக்கடை குழாய் ஸ்பீக்கரில் எங்கள் பாட்டைக் கேட்டபடியே காசு கொடுத்து டீ குடித்தேன். கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருந்தது என்று எங்களில் ஒருத்தரும் படித்துப் பார்க்கவில்லை.

அந்தத் தாள் விஷயத்தில் பீட்டில்ஸும் சமர்த்தர்கள் இல்லை. இஎம்ஐ ஒப்பந்தத்தில் அவர்களுக்கு ஒரு சிங்கிள் தட்டுக்கு ஒரு பென்னி, அதையும் நாலு பேர் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆல்பத்தை எடுத்த அதே பிப்ரவரியில் பாட்டு உரிமைக்காக நார்தர்ன் சாங்ஸ் என்றொரு கம்பெனி ஆரம்பித்தார்கள். அதில் பெரும்பங்கு அவர்கள் கையில் இல்லை. 1969-ல் அது வேறு கைக்கு விற்றுப்போனது, எழுதியவர்களால் தடுக்க முடியவில்லை. உங்கள் எட்டுப் பாட்டில் எது யார் எழுதியது, யார் மெட்டு, யாருக்கு எத்தனை பங்கு என்று இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்களாக இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. நம் காப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. 2012 திருத்தத்துக்குப் பிறகு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ராயல்டி உரிமையை முழுசாக எழுதி வாங்கிவிட முடியாது. பாட்டு எழுதியவர்களுக்கும் மெட்டுப் போட்டவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தருகிற ஐபிஆர்எஸ் சங்கத்தில் பதிந்துகொள்ளுங்கள். பழைய சினிமாப் பாட்டு ஒன்றை நடுவில் சேர்க்கிற ஆசை இருந்தால் உரிமைக்காரரிடம் அனுமதி வாங்காமல் தொடாதீர்கள்.

அப்புறம் ஏற்காடு. ஆசை புரிகிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, மூடுபனி ஜன்னலில் வந்து நிற்க, கையில் எஸ்டேட் காப்பியோடு பாட்டு எழுதுவது யாருக்குத்தான் பிடிக்காது. எழுதப் போங்கள், ரிகர்சலுக்குப் போங்கள். ரெக்கார்ட் செய்யப் போகாதீர்கள். ஒரு தடவை நாங்கள் நாகலூர் ரோட்டில் ஒரு வீட்டில் முயற்சி செய்து பார்த்தோம். சேலத்து வெயிலில் சுருதி சேர்த்த கிட்டாரை மேலே கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்தால் சுருதி ஏறியிருந்தது, குளிரில் ஸ்டீல் கம்பி சுருங்கி இறுகுகிறது. பறையும் தபேலாவும் அதற்கு எதிர்ப்பக்கம். ஈரக்காற்றில் தோல் தொய்ந்து சத்தம் 'தொப் தொப்' என்று இறங்கிவிட்டது. பறையை மூட்டத்தில் காய்ச்சி எடுத்து வருவதற்குள் கிட்டார் மறுபடி நகர்ந்திருந்தது. தகரக் கூரையில் மழை, ராத்திரி முழுக்கச் சில்வண்டு, ஊர்க் கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறினால் லைனில் ஒரு 'ங்ங்ங்'. சனி ஞாயிறில் வருகிற சுற்றுலாக்காரர்கள் காரில் வைக்கிற பாட்டு வேறு. நாலு நாள் இருந்துவிட்டு ஒன்றரைப் பாட்டோடு இறங்கினோம்.

"பாஸ்டன் என்ற பேண்ட் வீட்டிலேயேதானே செய்தது" என்று கேட்பீர்கள். ஆமாம். 1976-ல் வந்த அவர்களின் முதல் ஆல்பம், பெரும்பகுதி டாம் ஷோல்ஸ் தன் வீட்டு நிலவறையில் எடுத்தது. அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் பிரதிக்குச் சான்று வாங்கிய ஆல்பம். கம்பெனிக்காரர்கள் லாஸ் ஏஞ்சல்ஸில் முறையான ஸ்டுடியோவில் மறுபடி எடுக்கச் சொன்னபோது, மற்றவர்களை அங்கே அனுப்பிவிட்டு இவர் கமுக்கமாக நிலவறையிலேயே வேலையைத் தொடர்ந்தார். ஆனால் அந்த மனிதர் அமெரிக்காவின் எம்ஐடியில் படித்த பொறியாளர், பகலில் போலராய்டு கம்பெனியில் வேலை. வருடக்கணக்கில் டெமோ என்கிற மாதிரிப் பதிவு எடுத்து, அனுப்பி, திரும்பி வந்து, மறுபடி எடுத்தவர். ஒரு மாத வாடகைக்கு அது வராது.

உங்கள் கொலுசுப் பட்டறைத் தம்பிக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்தில் பர்மிங்காம், நம்ம ஊர் மாதிரி இரும்பும் பட்டறையுமாக இருக்கிற ஊர். அங்கே தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்த பதினேழு வயதுப் பையன் டோனி ஐயோமி, வேலையை விடுகிற கடைசி நாளில் மெஷினில் கை கொடுத்து இரண்டு விரல் நுனியை இழந்தான். இடது கைப் பழக்கம் உள்ளவன், ஆகவே போனது கம்பியை அழுத்துகிற கை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டான். கனமான கம்பியை அழுத்த முடியாததால் மெல்லிசான கம்பி போட்டான். அந்தக் கிட்டாரோடு அவனுடைய பேண்டான பிளாக் சபாத் தங்கள் முதல் ஆல்பத்தை 1969 அக்டோபரில் எடுத்தது, அதுவும் ஏறக்குறைய ஒரே நாளில், மேடையில் வாசிப்பது போல. 1970 பிப்ரவரியில் வந்தது. விமர்சகர்கள் திட்டித் தீர்த்தார்கள், ஆனாலும் பிரிட்டன் ஆல்பம் விற்பனைப் பட்டியலில் எட்டாம் இடம் வரை போனது. லீவு கிடைக்காதவர்களுக்கு ஒரு நாள் முறைதான் தோது.

நம்ம பக்கத்திலும் பாருங்கள். தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரியில் சென்னையில் மேடை ஏறியது. கானாவும் பறையும் கிட்டாரும் ஒரே மேடையில் நிற்பதை ஜனங்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். 'மகிழ்ச்சி' ஆல்பம் அதற்கப்புறம்தான் வந்தது. எந்த வரிக்குக் கூட்டம் திரும்பப் பாடுகிறது என்பது அதற்குள் தெரிந்துபோயிருக்கும்.

பீட்டில்ஸ் ஆல்பம் ஏன் ஓடியது என்று கேட்பீர்கள். காரணம் பல சொல்வார்கள். தலைப்புப் பாட்டான 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' முதலில் இழுவையான மெதுநடைப் பாட்டு. வேகத்தைக் கூட்டுங்கள் என்று மார்ட்டின் சொன்ன பிறகுதான் அது பாட்டாயிற்று. 1963 ஜனவரியில் சிங்கிளாக வந்து ஏறியது. அந்தச் சூடு ஆறுவதற்குள் மார்ச் 22-ம் தேதி ஆல்பம் கடைக்கு வந்துவிட்டது. மே மாதம் முதலிடம் பிடித்து 30 வாரம் அங்கேயே உட்கார்ந்தது, இறக்கியது அவர்களுடைய இரண்டாவது ஆல்பமேதான். அப்போதெல்லாம் குழு என்றால் பிறர் எழுதியதைப் பாடுவது வழக்கம், இதில் பதினான்கில் எட்டு அவர்களே எழுதியது. இதெல்லாம் சரி. என் காதுக்கு வேறொன்று படுகிறது. ஆல்பத்தின் முதல் பாட்டு ஆரம்பிக்கும்போது அவர்களில் ஒருவரான பால் மெக்கார்ட்னி "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று எண்ணுவார். பொதுவாக இதை வெட்டிவிடுவார்கள். இங்கே விட்டது மட்டுமில்லை, ஒன்பதாவது டேக்கில் எண்ணியதுதான் துடிப்பாக இருந்தது என்று அதை வெட்டி முதல் டேக்கின் தலையில் ஒட்டியிருக்கிறார்கள்! கேட்பவனுக்கு மேடைக்கு முன்னால் நிற்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பதில் அவ்வளவு கவனம். ஒரே நாள் என்பதால் அலட்சியமாகச் செய்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒன்பது நாள் கழித்து மார்ட்டின் தனியாக உட்கார்ந்து இரண்டு பாட்டுக்குப் பியானோவும் செலஸ்டா என்ற மணியோசைக் கீபோர்டும் சேர்த்தார்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். பங்களாவுக்கு ஒரு மாதம் வேண்டாம், நாலு நாள் போதும். ஏப்ரலில் போங்கள், மே மாதம் கோடை விழாக் கூட்டம் வந்துவிடும். அங்கே எட்டுப் பாட்டையும் வரிசையாக, நிறுத்தாமல், தப்பு வந்தாலும் நிறுத்தாமல் வாசியுங்கள். கீழே வந்ததும் ஆடிக்கு மேடை பிடியுங்கள். கோயில் கமிட்டி சொந்தப் பாட்டுக்கு முகம் சுளிக்கும், அதனால் ஐந்து அம்மன் பாட்டுக்கு ஒரு சொந்தப் பாட்டு என்று நுழையுங்கள். எந்தப் பாட்டுக்குச் சேர் காலியாகிறது என்று ஒருத்தன் கீழே நின்று எண்ணட்டும். எட்டில் மூன்று தானாக உதிரும், புதிதாக இரண்டு வரும். ஆவணியில் என் ரூமுக்கு வாருங்கள். எதிர்வீட்டில் பவர்லூம் ஓடுகிறது, ராத்திரி தறி நின்ற பிறகுதான் எடுக்க முடியும். நாலு பேரும் ஒரே அறையில், ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரிகிற மாதிரி நில்லுங்கள். டிரம்ஸ் சத்தம் பாடுகிற மைக்கில் ஏறினால் ஏறட்டும். ஒரு பாட்டுக்கு நாலு டேக், அதற்கு மேல் நான் பட்டனை அமுக்க மாட்டேன்.

கத்துகிற பாட்டு எதுவோ, அதைக் கடைசிக்கு வையுங்கள். பனங்கற்கண்டு நான் வாங்கி வைக்கிறேன்.